சரகரும் சித்தப்பாவின் குவார்ட்டரும்

சித்தப்பா அந்த வருஷம் கார்த்திகை ஒண்ணாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டார். இருபது வருஷமா ஒரு நாள் விடாமல் குடிச்ச மனுஷன். "சாமி பேரைச் சொல்லி நிறுத்திடறேன்"னு சொன்னதும் சித்தி அழுதே விட்டாள். முதல் நாள் நல்லபடியாகத்தான் போனது. ரெண்டாம் நாள் கை நடுக்கம், தூக்கமில்லை, வேர்த்துக் கொட்டியது. விரதம்னா அப்படித்தான் இருக்கும், உடம்பு சுத்தமாகுதுன்னு குருசாமியிலிருந்து எதிர்வீட்டுப் பாட்டி வரைக்கும் எல்லோரும் சொன்னார்கள். மூணாம் நாள் ராத்திரி, போர்வை மேல எறும்பு ஊருதுன்னு ஒவ்வொண்ணாப் பொறுக்கிப் போட ஆரம்பித்தார். எறும்பே இல்லை. விடியற்காலையில் ஜன்னலைப் பார்த்து, "காக்கா உள்ளே வருது, விரட்டுடா"ன்னு என்னிடம் கத்தினார். ஜன்னல் சாத்தியிருந்தது. ஆறு மணிக்கு வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது "எவ்வளவு குடிப்பார்?" இல்லை. "எப்போ நிறுத்தினார்?" இதுதான். நாங்கள் எதைப் பெருமையாக நினைத்தோமோ அதைத்தான் அவர் நோயின் காரணமாகக் குறித்துக்கொண்டார்.

பிழைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் வீட்டில் ஆரம்பித்தது ஆயுர்வேதப் பேச்சு. "இங்கிலீஷ் மருந்து ஒரு போதைக்கு இன்னொரு போதை, ஆயுர்வேதத்துல குடி, சிகரெட் ரெண்டையும் வேரோட பிடுங்க மருந்து இருக்கு, சரகரே எழுதி வெச்சிருக்கார்" என்று ஒரு பெரியப்பா அடித்துச் சொன்னார். சரகர் என்ன எழுதி வைத்திருக்கிறார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. நாமோ பொட்டி தட்டுகிற சாதி. ஸ்பெக்கைப் படிக்காமல் பேசினால் நமக்குத் தூக்கம் வராது. மொழிபெயர்ப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தேன். அதில் கிடைத்த மேட்டர்தான் இந்தப் பதிவு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வைத்தியரும் இல்லை. தினமும் குடிக்கிறவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இதைப் படித்துவிட்டு எதையும் முயற்சி செய்து பார்க்காதீர்கள். நிறுத்துவதற்கு முன்னாடி ஒரு டாக்டரைப் பாருங்கள். மேலே எழுதியது சும்மா கதைக்காக இல்லை.

*

சரக சம்ஹிதையில் குடிநோய்க்கு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. சிகித்ஸா ஸ்தானம், 24. நோயின் பெயர் மதாத்யயம். மதம் என்றால் போதை, அது எல்லை மீறிப்போனால் வருவது மதாத்யயம். ஏதோ மதுவிலக்குப் பிரச்சாரம் இருக்கும் என்று திறந்தால், அத்தியாயம் ஆரம்பிப்பதே சுராதேவிக்குப் புகழ்மாலையோடு! தேவர்கள் போற்றியவள், சௌத்ராமணி யாகத்தில் ஆகுதியானவள் என்று போகிறது. அப்புறம் குடிப்பது எப்படி என்று பாடம். குளித்து, சந்தனம் பூசி, பூ வைத்துக்கொண்டு, பருவத்துக்கு ஏற்ற இடத்தில், மனசுக்குப் பிடித்த நண்பர்களோடு, தன் உடல்வாகுக்குத் தகுந்த சாப்பாட்டோடு குடிக்க வேண்டுமாம். வாத உடம்புக்கு ஒரு மாதிரி, பித்த உடம்புக்கு ஒரு மாதிரி. அடுத்த வரியில் சைடு டிஷ் லிஸ்ட் வந்துவிடுமோ என்று நினைத்தேன். கிட்டத்தட்ட வந்தது :-)

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் நூல் குடியைக் கொண்டாடி நின்றுவிடவில்லை. உடம்பில் ஓஜஸ் என்று ஒன்று உண்டு, உயிர்ச்சத்து மாதிரி, அதற்குப் பத்து குணம் என்பது ஆயுர்வேதக் கணக்கு. குளிர்ச்சி, கனம், மென்மை, இனிப்பு, நெய்ப்பு இப்படி. மதுவுக்கும் பத்து குணம். சூடு, லேசு, கூர்மை, புளிப்பு, வறட்சி என்று ஒவ்வொன்றும் ஓஜஸின் குணத்துக்கு நேர் எதிர். விஷத்துக்குச் சொல்கிற குணங்களும் ஏறக்குறைய இவையேதான், விஷத்தில் கொஞ்சம் உக்கிரமாக. ஆக, மது உள்ளே போனால் இருதயத்தில் இருக்கிற ஓஜஸைக் கலக்கி மனசைப் புரட்டிப் போடுகிறது. முறையாகக் குடித்தால் அமுதம், முறைதவறினால் விஷம் என்பதுதான் அவருடைய நிலை. இவ்வளவும் சொல்லிவிட்டு, புலனடக்கம் உள்ளவன் எந்த மதுவையும் தொடாமலே இருந்தால் உடம்பு, மனசு இரண்டு நோயும் அவனை அண்டாது என்றும் ஓர் இடத்தில் சொல்லிவிடுகிறார்.

இப்போது என்னை உலுக்கின இடம். மதாத்யயத்தின் அறிகுறிகள். தூக்கமின்மை, நடுக்கம், பிதற்றல், வேர்வை, வாந்தி என்று வரிசையாக வருகிறது. கூடவே, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். தன் மேல் புல்லும் சாம்பலும் கொடியும் இலையும் தூசியும் வந்து மூடுவதாக நோயாளி நினைப்பான். பறவைகள் தன்னைத் தாக்குவதாக நினைப்பான்.

பறவைகள். புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். காக்கா உள்ளே வருதுடா என்று கத்தின குரல் காதுக்குள்ளேயே இருந்தது. இதை எழுதினவர் யாரோ, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருத்தருடைய சித்தப்பாவைப் பார்த்திருக்கிறார். கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால்.

வாத வகை மதாத்யயம் என்று அவர் தனியாகக் குறிப்பதில் விக்கல், மூச்சிரைப்பு, தலை நடுக்கம், விலா வலி, தூக்கமின்மை, ஓயாத பிதற்றல். துக்கம், பயம், பாரம், அலைச்சல், பட்டினியால் இளைத்துப் போனவன் ராத்திரி தூக்கம் கெட்டுக் குடித்தால் இது வரும் என்கிறார். ஐரோப்பாவில் இந்த நிலைக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர் வைத்தது 1813ல், தாமஸ் சட்டன் என்கிற ஆங்கிலேய டாக்டர். நடுக்க ஜன்னி என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

*

சரி, வைத்தியம் என்ன? இங்கேதான் அடுத்த ஆச்சரியம். மதுவால் வந்த நோய்க்கு மதுவையே, அளவாக, தண்ணீரும் மற்றதும் கலந்து கொடுக்கச் சொல்கிறார் சரகர். அதற்கு அவர் சொல்கிற காரணம் கெமிஸ்ட்ரி க்ளாஸ் மாதிரி இருக்கும். மிதமிஞ்சின மது, உணவுச் சாரத்தை அரைகுறையாக வேகவைத்து க்ஷாரமாக்கி விடுகிறது. க்ஷாரத்தோடு புளிப்பு சேர்ந்தால் அது சாந்தமாகி இனிப்பாகிவிடும். புளிப்புகளில் சிறந்தது மது. ஆகவே மது கொடு. ஆசிட்-பேஸ் ரியாக்‌ஷன்தான், அந்தக் காலத்து ஸ்டைலில்.

காரணம் தப்பு. ஆனால் வேலை செய்திருக்கும். காலையில் கை நடுங்குகிறவர் ஒரு கட்டிங் போட்டதும் நடுக்கம் நிற்பதை எந்த டாஸ்மாக் வாசலிலும் பார்க்கலாம். நடுக்கம் குடித்ததால் வந்ததா, குடியை நிறுத்தினதால் வந்ததா என்று மேல்நாட்டு டாக்டர்களே ரொம்ப நாள் அடித்துக்கொண்டார்கள். 1955ல் ஹாரிஸ் இஸ்பெல் என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் லெக்ஸிங்டன் ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை செய்தார்கள். பத்து ஆட்களுக்கு நல்ல சாப்பாட்டோடு வாரக்கணக்கில் மது கொடுத்து, திடீரென்று நிறுத்தினார்கள். ரொம்ப நாள் குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பும் ஜன்னியும் வந்தது. நிறுத்துவதுதான் காரணம் என்று அதற்கப்புறம்தான் சந்தேகமில்லாமல் ஆனது. (இன்றைக்கு இந்தச் சோதனைக்கு எந்தக் கமிட்டியும் அனுமதி கொடுக்காது. கொடுக்கவும் கூடாது.) சரகர் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. முறைதவறிக் குடித்ததுதான் காரணம் என்றே எழுதினார். ஆனால் மருந்தை மட்டும் சரியான திசையில் வைத்திருக்கிறார்.

மது வைத்தியத்தில் குணமாகாதவனுக்குப் பால். பாலின் பத்து குணமும் ஓஜஸின் பத்து குணமும் ஒன்றே என்பதால், மது அழித்ததைப் பால் நிரப்பும் என்பது லாஜிக். இது போக பேரீச்சை, திராட்சை, புளி, மாதுளை, நெல்லி எல்லாம் சேர்த்துக் கரைக்கிற மந்தம் என்கிற பானத்தை சூத்ர ஸ்தானத்தில் வேறோர் இடத்தில் மதுவால் வரும் கோளாறுகளுக்குச் சொல்கிறார். நம்ம ஊர் பானகத்துக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். பால் குடித்து உடம்பு தேறினதும் என்ன செய்யச் சொல்கிறார் தெரியுமா? பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மதுவைக் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி ஆரம்பிக்கச் சொல்கிறார்! ஆக அந்த அத்தியாயத்தின் நோக்கம் குடியை விட வைப்பது இல்லை. நோயாளியைத் தேற்றி, முறையாகக் குடிக்கிற நாகரிக மனுஷனாக வீட்டுக்கு அனுப்புவது. "சரகர் சொன்ன குடி மறப்பு மருந்து" என்று போர்டு வைத்திருக்கிறவர்கள் அத்தியாயம் 24ஐப் படிக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. குடியை விட்டிருந்தவன் திடீரென்று மறுபடி அளவுமீறிக் குடித்தால் வருகிற இரண்டு நோய்கள், த்வம்சகம், விக்ஷயம். தொண்டை வறட்சி, சத்தம் பொறுக்க முடியாமை, மயக்கத் தூக்கம் எல்லாம் த்வம்சகத்தில். வாந்தி, ஜுரம், தலைவலி, உடம்பு வலி, நெஞ்சடைப்பு விக்ஷயத்தில். நோயில் இளைத்தவனுக்கு வந்தால் குணப்படுத்துவது கஷ்டம் என்கிறார். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் தெரியாமலே ரெண்டு தடவை பார்த்திருக்கிறோம். முன்னாடி, குடி இந்த அளவுக்கு முற்றாத காலத்தில், சித்தப்பா ரெண்டு வருஷம் மாலை போட்டு 41 நாளும் ஒழுங்காக இருந்தார். மலை இறங்கி மாலையைக் கழற்றின அன்றைக்கே 41 நாள் பாக்கியையும் சேர்த்து அடித்தார். ரெண்டாவது தடவை ஒரு வாரம் படுக்கை.

*

அப்படியானால் விடுவதற்கு வழியே சொல்லவில்லையா? சொல்லியிருக்கிறார்கள், ஆனால் குடி அத்தியாயத்தில் இல்லை. சூத்ர ஸ்தானம் ஏழாவது அத்தியாயத்தில், எந்தக் கெட்ட பழக்கத்துக்கும் பொதுவாக.

அதன் பெயர் பாதாம்சிக க்ரமம். பாதம் என்றால் கால் பங்கு. (குவார்ட்டர்! தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.) பழகிப்போன கெட்டதை ஒரேயடியாக விடாதே. கால் பங்கைக் குறை, குறைத்த இடத்தில் அதே அளவு நல்லதை வை. உடம்பு அதற்குப் பழக இடைவெளி விடு, அப்புறம் அடுத்த கால். இடைவெளி ஒரு நாள், அடுத்து ரெண்டு நாள், அடுத்து மூணு நாள் என்று கூடிக்கொண்டே போகும். இப்படிப் படிப்படியாகப் போன குற்றம் திரும்பி வராது, படிப்படியாக வந்த குணம் அசையாது என்பது அவர் தரும் உத்தரவாதம். சில நூற்றாண்டு கழித்து வந்த வாக்படர் அஷ்டாங்க ஹ்ருதயத்தில் இன்னும் இறங்கி வருகிறார். கால் பங்கு அதிகமாகத் தெரிந்தால் காலில் கால், அதாவது மாகாணியாகக் குறை என்கிறார். கெட்டதையே ஆனாலும் சட்டென்று விட்டால் நோய் வரும் என்று நேராகவே எழுதிவிடுகிறார். இடைவெளி நாட்களை எப்படி எண்ணுவது என்பதில் உரைகாரர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆஃப்-பை-ஒன் எரர் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது :-)

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை என்பதற்கு விமான ஸ்தானத்தில் ஒரு உதாரணம் வருகிறது. உப்பை அளவுக்கு மேல் தின்னும் தேசங்களைச் சொல்கிறார். பாஹ்லீகம், சௌராஷ்டிரம், சிந்து, சௌவீரம். அங்கே பாலில்கூட உப்புப் போட்டுக் குடிப்பார்களாம். உப்பு அவர்களுக்குக் கெடுதல்தான், ஆனாலும் பழகிவிட்ட உடம்பு, படிப்படியாகத்தான் விலக வேண்டும் என்கிறார். ஸாத்ம்யம் என்கிற வார்த்தை இதற்குத்தான். எது உடம்போடு ஒட்டிப்போய்விட்டதோ அது. இன்றைக்கு டாலரன்ஸ், டிபெண்டன்ஸ் என்று சொல்கிறோமே, அதற்கு ரொம்பத் தூரத்துச் சொந்தம் இல்லை.

சித்தப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டை அப்புறமாக எடுத்துப் பார்த்தேன். குளோர்டயாஸிபாக்ஸைட் மாத்திரை. 1960ல் லிப்ரியம் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. மூளையில் மது வேலை செய்கிற பாதையிலேயே இதுவும் வேலை செய்வதால், திடீரென்று காலியான இடத்தைத் தாங்கிப் பிடிக்கும். முதலில் ஒரு நாளைக்கு நாலு, அப்புறம் மூணு, ரெண்டு, ஒண்ணு, நிறுத்து. கால் காலாக! கூடவே தயமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1. மாத்திரையைக் கண்டுபிடித்தவர்களும் அந்தச் சீட்டை எழுதின டாக்டரும் சரகரைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. உடம்பு ஒன்றுதான் என்பதால் இரண்டு பேரும் ஒரே கணக்குக்கு வந்திருக்கிறார்கள். "பார்த்தியா, அன்னிக்கே சொன்னோம்" என்று மார் தட்டவும் இதில் ஒன்றுமில்லை. அன்றைக்கே சொன்னதை எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. மூணு நாள் நடுங்கின மனுஷனைச் சுற்றி நின்று சரணம்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

*

அடுத்து சிகரெட். இங்கே கதையே வேறு. சரகர், சுஸ்ருதர், வாக்படர் மூன்று பேருக்கும் புகையிலை தெரியாது. தெரிந்திருக்க வழியே இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் கப்பலில் 16ம் நூற்றாண்டில்தான் இங்கே வந்தது.

ஆனால் புகை பிடிப்பது தெரியும்! தூமபானம் என்று தினசரிக் கடமைகளில் ஒன்றாகவே சரகர் வைத்திருக்கிறார். வாசனை மூலிகைகளை அரைத்து ஒரு நாணல் குச்சி மேல் கட்டைவிரல் பருமன், எட்டு விரற்கடை நீளத்துக்குப் பூசி, காயவைத்து, குச்சியை உருவிவிட்டு, நெய் தடவிக் குழாயில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். வாய் வழியாகத்தான் புகையை விடணும், மூக்கு வழியாக விட்டால் கண் கெடும். அளவு மீறினால் காது கேட்காது, கண் தெரியாது, ரத்தம் கசியும். கர்ப்பிணிகள் கூடாது. மது குடித்தபின் கூடாது (நம்ம ஆட்கள் ரெண்டையும் சேர்த்துத்தான் செய்வார்கள்). வாக்படர் வயசும் போடுகிறார்: பதினெட்டுக்குக் கீழே புகை கூடாது. 2003ல் இந்திய அரசு கொண்டுவந்த புகையிலைச் சட்டத்திலும் பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்றுதான் இருந்தது. தற்செயல்தான், இருந்தாலும் படித்தபோது சிரித்துவிட்டேன்.

புகையிலை முகலாய தர்பாருக்கு வந்த கதை சுவாரசியமானது. அசத் பேக் என்கிற அதிகாரி 1604 வாக்கில் பீஜப்பூரிலிருந்து திரும்பும்போது புகையிலையும் கல் பதித்த குழாயும் கொண்டுவந்து அக்பர் முன் வைத்தார். இது உங்களுக்கு மருந்தாகக் கொண்டுவரப்பட்டது என்றே பிரபு ஒருவர் அறிமுகப்படுத்தினார். அக்பர் ரெண்டு இழுப்பு இழுத்தார். அரண்மனை ஹகீம் தடுத்தார். நம் நூல்களில் இல்லாத சரக்கு, சோதித்துப் பார்க்காமல் ராஜா எப்படிப் பிடிப்பது என்பது அவர் வாதம். எல்லா வழக்கமும் ஒரு நாள் புதுசாக வந்ததுதானே என்று அசத் பேக் எதிர்வாதம் செய்தார். அக்பர் அதற்கு மேல் பிடிக்கவில்லை. பிரபுக்கள் பிடித்தார்கள், வியாபாரிகள் விற்க ஆரம்பித்தார்கள். 1617ல் ஜஹாங்கீர் தடை போட்டார். தடை என்ன ஆனது என்று சொல்லவேண்டியதில்லை.

அசத் பேக்கின் வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. ஆயுர்வேதமே புதுசை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பறங்கியரோடு வந்த மேகநோய்க்கு பாவமிச்ரர் 16ம் நூற்றாண்டில் பிரங்க ரோகம் என்று பெயர் வைத்து, வெளியிலிருந்து வந்த பறங்கிச் சக்கையை மருந்தாகச் சேர்த்தார். பிற்கால நூலான யோகரத்னாகரத்தில் புகையிலையும் தமாகு என்ற பெயரில் இடம் பிடித்துவிட்டது. ஆனால் அந்தப் பழக்கத்தை விடுவதற்கு என்று பழைய நூல் எதிலும் தனி மருந்து தேடினால் கிடைக்காது. இன்றைக்கு வைத்தியர்கள் செய்வதெல்லாம் பாதாம்சிக க்ரமத்தைக் கொண்டுவந்து பீடிக்கும் சிகரெட்டுக்கும் பொருத்துவதுதான்.

அது பொருந்துகிறதா? 2016ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில் 697 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ரெண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து விட்டவர்கள், மறு பாதி குறித்த நாளில் ஒரேயடியாக விட்டவர்கள். இரண்டு பக்கமும் நிக்கோடின் பட்டை போன்ற உதவிகள் உண்டு. நாலு வாரம் கழித்துப் பார்த்தால் படிப்படியாக விட்டவர்களில் 39 சதவீதம் பேர் தாக்குப்பிடித்தார்கள், ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதம். ஆக சரகரின் கால் கணக்கு சிகரெட்டில் கொஞ்சம் தோற்கிறது. சிகரெட்டைச் சட்டென்று விட்டால் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பொண்டாட்டியோடு சண்டை வரும். உயிர் போகாது. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவன் சட்டென்று விட்டால் உயிரே போகலாம். நம் ஊரில் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். சிகரெட்டைப் "படிப்படியா குறைச்சுக்கறேன்" என்று பத்து வருஷம் இழுக்கிறோம், குடிகாரனைக் கோயிலில் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்த வைக்கிறோம்.

சிகரெட்டுக்குப் பதில் மூலிகை சிகரெட், ஆயுர்வேத பீடி என்று விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூமபானம்தான் சாக்கு. நிக்கோடின் இருக்காது, சரி. ஆனால் துளசியே ஆனாலும் எரித்தால் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் வரத்தான் செய்யும். சரகர் காலத்தில் எக்ஸ்ரே இல்லை, நமக்கு இருக்கிறது.

*

பெரியப்பா சொன்ன "வேரோட பிடுங்கற" மருந்துக்கு வருவோம். மதாத்யயத்துக்கு ஆயுர்வேதக் கடையில் கிடைக்கிற பேர்போன சரக்கு ஸ்ரீகண்டாசவம். பைஷஜ்ய ரத்னாவளியில் வருகிறது. ஸ்ரீகண்டம் என்றால் சந்தனம். (குஜராத்தி ஸ்வீட் இல்லை.) சந்தனம், மிளகு முதலான சரக்குகளை திராட்சை, வெல்லம், தாதகிப்பூவோடு தண்ணீரில் போட்டு மூடி வைத்து நொதிக்க விடுவது. நொதித்தால் என்ன வரும்? ஆல்கஹால்தான்! ஆசவம், அரிஷ்டம் எல்லாவற்றிலும் தானாக உண்டாகிற ஆல்கஹால் இருக்கிறது. ஒரு ஸ்பூன், ரெண்டு ஸ்பூன் அளவில் அதுவே சரகரின் "மதுவுக்கு மது" தத்துவத்தின் மிச்சம் மாதிரிதான். ஆனால் குடியை முழுக்க விட்டவருக்கு, "மூலிகைதானே" என்று நம்பி இதைக் கொடுத்தால் பழைய கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். லேபிளைப் படியுங்கள்.

சட்டத்துக்கும் இது தெரியும். மிருதசஞ்சீவனி சுரையை 30 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் விற்கக் கூடாது, மகாத்ராக்ஷாசவத்தை 120 மில்லிக்கு மேல் கூடாது என்று மருந்து விதிகளிலேயே போட்டிருக்கிறார்கள். ஆள் எதற்கு வாங்குகிறான் என்று தெரிந்துதானே பாட்டிலைச் சின்னதாக்கினார்கள். 1951ல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோதும், ஆல்கஹால் கலந்த மருந்துகளையும் சேர்த்துத் தடுத்த பகுதி செல்லாது என்றுதான் பால்சாரா வழக்கில் தீர்ப்பானது. மருந்துக்கும் மதுவுக்கும் நடுவில் இருக்கிற கோடு அவ்வளவு மெல்லிசு.

கடைசியாக சித்தியின் பொடி. ஜன்னி வருவதற்கு ஒரு வருஷம் முன்னாடி, பேப்பர் விளம்பரம் பார்த்து கூரியரில் வரவழைத்தாள். "குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம், நிறம் மணம் சுவை இல்லை, நூறு சதவீத ஆயுர்வேதம்." நாலு மாசம் கலந்தாள். காதில் இருந்த தோடு போனதுதான் மிச்சம். நோயாளிக்குத் தெரியாமல் கொடு என்று சரகரின் குடி அத்தியாயத்தில் எங்கேயும் நான் பார்க்கவில்லை. இருப்பது நேர் எதிர். நோயாளிக்குத் தைரியம் சொல், மனசைச் சந்தோஷமாக வை, பிடித்தவர்களைப் பக்கத்தில் வை.

அந்த விளம்பர வாசகம் எனக்கு வேறு ஒரு இடத்தில் கிடைத்தது. நூறு வருஷத்துக்கும் முந்தின அமெரிக்காவில். சின்சினாட்டி நகரத்திலிருந்து டாக்டர் ஹெய்ன்ஸ் கோல்டன் ஸ்பெசிஃபிக் என்று ஒரு பொடி விற்றார்கள். காபியிலோ சாப்பாட்டிலோ ஆளுக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கலாம், குடி மறந்துவிடும் என்று. சோதித்துப் பார்த்ததில் பால் சர்க்கரை, ஸ்டார்ச், மிளகாய், துளியூண்டு இபிகாக் என்கிற வாந்தி மருந்து. சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற பத்திரிகைக்காரர் 1905ல் கோலியர்ஸ் பத்திரிகையில் இந்த மாதிரிப் புரட்டு மருந்துகளைத் தொடராகத் தோலுரித்தார். அடுத்த வருஷமே அங்கே சுத்தமான உணவு, மருந்துச் சட்டம் வந்தது. சித்தி நம்பிய "ஆயுர்வேதம்" சரகர் வழியில் வந்ததைவிட சின்சினாட்டி வழியில் வந்ததற்குத்தான் ஜாடை அதிகம்.

வெறும் மாவாக இருந்தால் காசோடு போயிற்று. டைசல்ஃபிராம் மாதிரி, 1948ல் டென்மார்க்கில் குடிநோய்க்கு உதவும் என்று அறிவித்த நிஜ மாத்திரையை ஆளுக்குத் தெரியாமல் கலந்தால், மேலே அவர் குடிக்கும்போது ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். சித்தியிடம் இதைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து மிச்சம் இருந்த ரெண்டு பாக்கெட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

*

சித்தப்பா இப்போது பதினாலு மாசமாகக் குடிக்கவில்லை. மாசம் ஒரு தடவை டாக்டரிடம் போகிறார். ராத்திரி, குவார்ட்டர் அடிக்கிற அதே நேரத்துக்கு, சித்தி ஒரு டம்ளர் பால் வைத்துவிடுகிறாள். ஓஜஸ் பற்றியெல்லாம் அவளுக்கு நான் சொல்லவில்லை. அவளாக ஆரம்பித்தது. இந்தக் கார்த்திகைக்கு மாலை போடட்டுமா என்று டாக்டரிடமே கேட்டாராம். இப்போ தாராளமா போடுங்க, கழட்டற அன்னிக்கு மட்டும் வீட்டுல யாராவது கூட இருக்கட்டும் என்று சொன்னாராம். நான்தான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போகிறேன்.

பீடியை மட்டும் இன்னும் விடவில்லை. போன வாரம் நான் எடுத்துச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒண்ணைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்: "இதுக்குத்தான் உன் சரகர் ஒண்ணும் சொல்லலையேடா?"